பேரலல் லைன்

எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீட்டுக்கு என் பூத் நம்பர்தான் நம்பர். கல்யாணப் பத்திரிகையில், வேலைக்குப் போடும் அப்ளிகேஷனில், பிள்ளைகளின் ஸ்கூல் டைரியில், எல்லாவற்றிலும் என் நம்பரை எழுதிப் பக்கத்தில் பிபி, அதாவது அடுத்தவர் போன், என்று போட்டுக்கொள்வார்கள். போடலாமா என்று ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. போலியோவில் கால் போனதற்காக அரசாங்கம் எனக்குக் கொடுத்த எஸ்டிடி பூத் அது. கல்மண்டபத்திலிருந்து கடல் பக்கம் இறங்குகிற சந்து முனையில் இருந்தது. போன் வந்தால் ஓடிப்போய் ஆளைக் கூப்பிட என்னால் ஆகாது. அதனால் ஒரு விசில் வாங்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு கணக்கு. மூன்று நீள விசில் என்றால் கிறிஸ்டினா வீடு.

பூத்தில் இரண்டு போன். கண்ணாடிக் கேபினுக்குள் ஒன்று, என் மேஜைமேல் ஒன்று. இரண்டும் ஒரே லைன், பேரலல் கனெக்‌ஷன். வருகிற போனை நான் மேஜையில் எடுத்து, ஆளை வரவழைத்து, அவர்கள் கேபினில் எடுத்ததும் வைத்துவிட வேண்டும். எப்போதும் வைத்துவிடுவேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. வைக்க மாட்டேன். தனியாக இருக்கிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் கேட்டது எதுவும் அந்த மேஜையைத் தாண்டியதில்லை. எந்த வீட்டுப் பெண் எவனோடு போகப் பார்க்கிறாள், எவன் துபாயில் இரண்டாவது குடும்பம் வைத்திருக்கிறான், எல்லாம் தெரியும். வாயைத் திறக்காததால்தான் தெரு என்னை நம்பியது. அதைப் பெரிய யோக்கியதை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்டினாவின் புருஷன் இன்னாசி எண்ணூர் பக்கம் ஒரு கான்ட்ராக்டரின் நிலக்கரி யார்டில் ஒன்பது வருஷம் கரியைத் தள்ளிக் குவிக்கிற டோசர் ஓட்டியவன். என் கூடப் படித்தவன். மாலையில் வேலை விட்டு வந்து பூத் வாசலில் துப்பினால் கறுப்பாக விழும். மூச்சு இழுக்க ஆரம்பித்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு அவன் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் போவதில்லை. கம்பவுண்டர் ஜெயவேல் கடைக்குப் போய் "மூச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேப்பர் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். உள்ளே ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு சிவப்பு மாத்திரை, நடுவில் பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை. போட்ட அரைமணி நேரத்தில் நெஞ்சு திறந்துகொள்ளும், பசி எடுக்கும், ஒரு மூட்டையைத் தூக்கலாம் போல் இருக்கும். மழைக்காலத்தில் நானும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். "சாலமன் சதை போட்டுட்டான்" என்று எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அந்தப் பொடிசு என்ன செய்யும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் யார்டில் ஆள் குறைத்தார்கள். பாரிமுனை ஏஜென்ட் ஒருத்தன் லடாக்கில் ரோடு போடுகிற கம்பெனிக்கு டோசர் ஆப்பரேட்டர் வேண்டும் என்றான். மே மாசம் போனால் பனி விழுவதற்குள் நவம்பரில் திரும்பிவிடலாம். இங்கிலீஷ் பேப்பரை இன்னாசி என்னிடம்தான் கொண்டுவந்தான்.

"இன்னா போட்டுகீது சாலமா?"

"பன்னெண்டாயிரம் அடி ஒசரமாம். முன்னாடியே கீற வியாதிய மறச்சா கம்பெனி பொறுப்பு இல்லியாம். ஆஸ்பத்திரி செலவு, வூட்டுக்கு அனுப்புற செலவு, எதுவும் குடுக்க மாட்டானாம்."

"எனுக்கு இன்னா வியாதி?"

"வீசிங்டா."

"அது ஒரு வியாதியா? எண்ணூர்ல நாய்க்குக்கூடத்தான் வீசிங் கீது." சிரித்தான். சிரிப்பு முடிவில் இழுத்தது. "மல காத்து சாலமா. கொடைக்கானல் மாரி சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கும். ஆறு மாசம் இஸ்துகினு வந்தன்னா நெஞ்சு க்ளீனாயிடும். இந்தக் கரித் தூள்ல எவன் சாவறது?"

கம்பெனி மெடிக்கல் டெஸ்டுக்குப் போன காலையில் இரண்டு பொட்டலத்தைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு போய் பாஸ் ஆகிவிட்டான்.

போன பிறகு மாசம் இரண்டு தடவை போன் செய்வான். மலை ஏறினால் சரியாகிவிடும் என்று நினைத்த மூச்சு அங்கே இன்னும் மோசமாகியது. காற்றே கம்மி என்றான். சோறு வேகவில்லை என்றான். பொட்டலம் தீர்ந்துவிட்டது, அனுப்பு என்றான். தபாலில் மாத்திரை போனால் கேம்ப் கிளார்க் பிரித்துப் பார்ப்பான் என்று பயம். கிறிஸ்டினா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞானபாக்கியம் அக்காவிடம் வஞ்சிரக் கருவாடு வாங்குவாள். பிளந்து உப்பு போட்ட பெரிய கருவாடு. பொட்டலங்களை பாலிதீனில் சுற்றி இரண்டு பிளவுக்கும் நடுவில் வைத்து நூல் போட்டுக் கட்டிவிடுவாள். மேலே நெத்திலியைக் கொட்டி, துணி வைத்துத் தைத்து, என் மேஜையில் கொண்டுவந்து வைப்பாள். நான் மார்க்கரால் அட்ரஸ் எழுதுவேன். போஸ்ட் ஆபீஸில் அந்தப் பார்சலைத் தொட்டவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சீல் குத்தினானே தவிர ஒருத்தனும் பிரிக்கவில்லை.

"கெட்டிக்காரிதான் நீ" என்றேன்.

"புருசன் தூரத்துல கீறான்னா எல்லாருக்கும் மூள வரும்ணா" என்றாள்.

ஜூலையில் ஒரு பார்சல், செப்டம்பரில் ஒன்று. நடுவில் இன்னாசி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். மொட்டை மலைக்கு முன்னால் டோசர் மேல் உட்கார்ந்திருந்தான். முகம் உருண்டையாகப் பளபளவென்று இருந்தது. கிறிஸ்டினா அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். மலைத் தண்ணி ஒத்துக்கொண்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்பே ஐஸ் தண்ணியில் கையை விட்டால் மதியம் இரண்டு மணி வரைக்கும் எடுக்க முடியாது. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்கும். வந்து ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவாள். ஒரு ஆளுக்கு ஆக்கினால் குழம்பில் உப்பு சரியாக வருவதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கும் அது தெரியும்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை கேம்பிலிருந்து போன் வந்தது. இந்தி பாதி, இங்கிலீஷ் பாதி. இன்னாசிக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஒரு நம்பர் கொடுத்து வைத்துவிட்டான். நான் மூன்று விசில் ஊதினேன். அவள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். அந்த நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு வழியாக ஆஸ்பத்திரி கிடைத்தபோது எடுத்தவர்கள் பேசியது எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. "தமிழ், தமிழ்" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஹலோ, நான் ஹில்டா பேசுதேன். இங்க ஐசியுல நர்ஸு. நீங்க அந்த அண்ணனுக்க வீட்டுக்காரவியளா?"

கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சு. அந்த உயரத்தில், அந்தக் குளிரில், குளச்சல் கடற்கரையில் பிறந்த பெண் ஒருத்தி இன்னாசியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கிறிஸ்டினா கேபினுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஹில்டா தன் டூட்டி முடிந்ததும் தானே என் நம்பருக்குக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நிமோனியா என்றார்கள். திங்கட்கிழமை மெஷினில் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஹில்டா கூப்பிட்டாள். வெளியே ஒரு பொட்டு காற்று இல்லை, மழைக்கு முன்னால் வருகிற புழுக்கம். கிறிஸ்டினா ஷெட்டிலிருந்து நேராக வந்து பூத் வாசலில் காத்திருந்தாள். கேபினுக்குள் போய் எடுத்தாள். நான் மேஜையில் வைக்கவில்லை.

"அக்கா, அண்ணன் அப்படியேதான் இருக்காவ. மூச்ச மெஷின்தான் விடுது. ஊசி ரெண்டு மூணு மாத்திப் போட்டாச்சு, காய்ச்சல் கேக்க மாட்டேங்கு."

"சாப்ட்டாரா சிஸ்டர்?"

"மூக்கு வழியா குழாயில குடுக்கோம். அக்கா, டாக்டர் ஒரு காரியம் கேக்கச் சொன்னாவ. நல்லா யோசிச்சுச் சொல்லணும். அண்ணனுக்கு முன்னாடி வீசிங் உண்டா? ரொம்ப நாளா ஏதாவது மாத்திர தின்னுட்டு இருந்தாவளா?"

கிறிஸ்டினா பேசவில்லை.

"மொகம் ஊதி இருக்கு. ஊசி குத்துன எடமெல்லாம் கருநீலமா கெடக்கு. சுகர் ஏறிக் கெடக்கு. முன்னாடி சுகர் உண்டா? டாக்டருக்கு ஒரு சம்சயம். மாத்திர எதாவது இருந்தா வைத்தியத்தையே மாத்தணும்னு சொல்லுதாரு."

அப்போதும் பேசவில்லை. கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். லைனில் மெஷின் ஒன்று பீப் பீப் என்று அடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. ஹில்டா "அக்கா, கேக்குதா?" என்றாள். பொட்டலம் எனக்குத் தெரியும். அன்று காலைகூட நான் ஒன்று போட்டிருந்தேன். கம்பெனி பேப்பரில் இருந்த அந்த வரியும் எனக்குத் தெரியும், படித்துச் சொன்னவனே நான்தான். சொன்னால் கம்பெனி கை கழுவிவிடும். அப்புறம் அந்த மலையிலிருந்து இவனை யார் இறக்குவது? அதுவும் போக, இது புருஷன் பெண்டாட்டி விஷயம். அவளே மென்று முழுங்கும்போது பூத்காரன் மூக்கை நுழைக்கலாமா? நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"அக்கா?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றாள் கிறிஸ்டினா. "அவுரு நல்லாத்தான் இருந்தாரு. ஒரு மாத்திரயும் துன்னதில்ல."

வெளியே வந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் குனிந்து பில் புக்கைப் புரட்டினேன். அவள் வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை ஹில்டா கூப்பிடவில்லை. வியாழக்கிழமை கூப்பிட்டபோது அவள் குரலே சரியில்லை.

"அக்கா, நெஞ்சுலேர்ந்து சளி எடுத்துப் பாத்தாவ. பூசணம் இருக்கு."

"இன்னாது?"

"பூசணம். ரொட்டில புடிக்கும்லா, அது மாதிரி. நெஞ்சுக்குள்ள புடிச்சு ரத்தக் கொழாயில ஏறியிருக்கு. அந்த மருந்து இங்க இல்ல. டில்லிலேர்ந்து பிளேன்ல வரணும். ரெண்டு நாளா மேகம் மூடிக் கெடக்கு, பிளேன் எறங்க மாட்டேங்கு."

"பூசணம் எப்டி சிஸ்டர் நெஞ்சுக்குள்ள பூந்திச்சி?"

"அது எல்லா எடத்துலயும் உண்டு அக்கா. தூசில, காத்துல. நம்மள ஒண்ணும் செய்யாது, ஒடம்பு தள்ளி விட்டுரும். தெம்பில்லாத ஒடம்புலதான் ஏறும். அண்ணன் ஒடம்புல ஏன் ஏறிச்சுன்னுதான் டாக்டருக்குப் பிடிபடல."

மாலைக்குள் அந்த ஒரு வார்த்தை தெரு முழுக்கப் போய்விட்டது. நான் சொல்லவில்லை. கிறிஸ்டினா வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்களிடம் அவளே சொல்லியிருந்தாள். எங்கள் தெருவில் பூசணம் என்றால் மனசுக்கு வருவது ஒன்றுதான். மழையில் காயாத கருவாடு. அவள் அனுப்பிய பார்சல் எல்லோருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். தின்னது கருவாடு, அதில் பூசணம், அது நெஞ்சுக்குப் போய்விட்டது. பால்காரன் என்னிடமே வந்து விளக்கினான். கிறிஸ்டினா மறுக்கவில்லை. "ஆமா, மழ டைம்ல அனுப்பிட்டேன், என் தப்புதான்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். மீன்மேல் பழி விழுந்தால் பொட்டலத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஞானபாக்கியம் அக்கா மறுநாள் காலையில் பூத்துக்கு வந்தது. அறுபது வயசுக்கு மேல், கூடையைத் தூக்கித் தூக்கி உச்சந்தலையில் முடி இல்லை. யாரிடமும் பணிந்து பேசிப் பழக்கம் இல்லாத ஆள். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, வியாபாரத்துக்குப் போவலியா?"

"எங்க போறது. எவளும் வாங்க மாட்றா. ஞானபாக்கியம் கருவாட்டுல பூசணம்னு வண்ணாரப்பேட்ட வரிக்கும் பூட்ச்சி."

"கருவாடு துன்னா நெஞ்சுல பூசணம் வராதுக்கா."

"உனுக்கு இன்னா தெரியும்? நீ டாக்டரா?" கோபமாகக் கேட்டுவிட்டு, அப்புறம் குரலை இறக்கியது. "அந்தப் புள்ளைக்கு இப்போ எப்டி கீதாம்?"

"மருந்து வர்ணுமாம். பிளேன் எறங்கலயாம்."

"எறங்கிடும்ல?"

"எறங்கிடும்க்கா."

எழுந்து போனது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. நான் அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் யோக்கியதை அப்படி.

அக்டோபர் செபமாலை மாசம். எங்கள் பக்கத்தில் மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று தெருவைச் சுற்றி வரும். வந்த வீட்டில் சாயங்காலம் எல்லோரும் கூடி செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லுவார்கள், முடிந்ததும் சுண்டலோ பொரியோ கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை கிறிஸ்டினாவின் முறை. வேறு வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். ஷெட்டுக்குப் போகாமல் வீட்டைக் கழுவி, பட்டாணிச் சுண்டல் செய்து, ஸ்டூலில் வெள்ளைத் துணி போட்டு மாதாவை வைத்தாள். அன்றுதான் மழை பிடித்தது. நான் பூத்தைச் சாத்திவிட்டு ஊன்றுகோலோடு போய் வாசல்படி ஓரம் உட்கார்ந்தேன். இருபது பெண்கள் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் ஈரச் சேலையோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கொசுவர்த்திப் புகை, மெழுகுவர்த்தி, பட்டாணி வாசனை. ஒவ்வொரு பத்து மணிச் செபம் முடிந்ததும் இன்னாசி பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார்கள்.

கடைசிப் பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்தபோது ஞானபாக்கியம் அக்கா எழவில்லை. முட்டி போட்டபடியே நகர்ந்து வந்து கிறிஸ்டினாவின் காலைப் பிடித்துக்கொண்டது.

"இன்னாக்கா இது, எழுந்துரு."

"மன்னிச்சுக்க கிறிஸ்டி. நான்தான் உன் வூட்டுக்காரன இப்டிப் பண்ணிட்டேன்."

"அய்ய, வுடுக்கா."

"உனுக்குத் தெரியாது. மாதா முன்னாடி சொல்றேன். அன்னிக்கி நீ வாங்க சொல்லோ என் கூடை அடியில கருவாடு வெள்ளயா பூத்துருந்திச்சி. மழ. காயல. நான் பாத்தேன். பாத்துட்டு, துணில தொடச்சி, மேல உப்பு தடவி, உன் கைல குடுத்தேன். அவன் அத்தத் துன்னுட்டான். வெள்ளயா பூத்துச்சே, அதான் அவன் நெஞ்சுல கீது."

அந்தக் கிழவி வாய்விட்டு அழுது நான் பார்த்ததே இல்லை. அதன் மகன் கடலில் போனபோதுகூட இப்படி அழவில்லை. கிறிஸ்டினா குனிந்து அதன் இரண்டு கையையும் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் மேல ஒண்ணும் இல்லக்கா."

"கீது."

"இல்லக்கா. நான் சொல்றேன்ல, இல்ல. அவுரு பார்சல்ல கருவாட்டத் தொட்டாரோ இல்லியோ. அது வேற." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் இருந்த என்னைப் பார்த்தாள். "அண்ணா, பூத்த தொற."

மழையில் அவள் முன்னால் போக, நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். ஷட்டரை அவளே தூக்கினாள். நம்பரைப் போடச் சொல்லிவிட்டு, ரிங் போகிற நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாதா படத்து மேல கைய வக்கச் சொன்னாருண்ணா. போற அன்னிக்கி. பொட்டலத்தப் பத்தி உசுரே போனாலும் யாரு கைலயும் சொல்லக் கூடாதுன்னு. சொன்னா நடு மலைல கம்பெனிக்காரன் வுட்டுட்டுப் பூடுவான், அநாதப் பொணமா கெடப்பேன்னாரு. நானும் வச்சேன்."

ஹில்டா டூட்டியில் இருந்தாள். கிறிஸ்டினா கேபினுக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு இழுத்தது, நாலு வருஷம், பொட்டலம், மஞ்சள், சிவப்பு, பொடி வெள்ளை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மலைக்குப் போனதிலிருந்து மூன்று வேளை. நான் மேஜையில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹில்டா நாளைக் கணக்குப் பார்த்தாள்.

"அந்தப் பொடி மாத்திர நிறுத்தி ஏழு நாளாச்சு, என்னா?"

"ஆமா சிஸ்டர். அவுருக்கு நெனவு இல்லாத நாளா யாரு குடுப்பா."

"அது ஸ்டீராய்டாக்கும். சட்டுன்னு நிறுத்துனதுலதான் பிரஷர் எறங்கிட்டே போவுது. அத வருஷக்கணக்கா தின்னதுலதான் ஒடம்பு தெம்பத்துப் போயி பூசணமும் ஏறிச்சு. ஏன் அக்கா அன்னைக்கே சொல்லாம..." நிறுத்திக்கொண்டாள். "சரி. நான் டாக்டருட்டச் சொல்லுதேன்."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா வுட்டுருவாங்களா சிஸ்டர்?"

"கம்பெனிக்காரன் சேத்துட்டுப் போனவன்தான், இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. பில்லு மட்டும் கட்டுதான். அவன்ட்ட யாரு சொல்லப் போறா? டாக்டருக்கு எதுக்கு அந்த வேல?"

கிறிஸ்டினா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இந்தப் பயத்துக்காகத்தான் அத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை நல்ல சேதி வந்தது. அந்த மாத்திரைக்குப் பதிலாக ஊசி போட்டார்களாம், பிரஷர் ஏறியதாம். காலையில் மேகம் விலகிப் பிளேன் இறங்கி மருந்தும் வந்துவிட்டதாம். "கண்ணு தொறக்காவ அக்கா. பேச முடியாது, தொண்டையில கொழா இருக்கு. காதுல வைக்குதேன், பேசுங்க."

லைனில் மெஷின் மூச்சு விடுகிற சத்தம் பக்கத்தில் வந்தது. உஸ்ஸென்று உள்ளே போகும், கொஞ்சம் நிற்கும், வெளியே வரும்.

"இன்னாய்யா" என்றாள் கிறிஸ்டினா. "நான்தான். கேக்குதா? இங்க மழ. நம்ம வூட்டுக்கு மாதா வந்துட்டுப் போச்சி. சுண்டல் கொஞ்சம் தீஞ்சிடுச்சி. யோவ், நான் சொல்லிட்டேன். சொல்லக் கூடாதுன்ன, சொல்லிட்டேன். வந்து திட்டு. வந்து நாலு அறை வேணாலும் அறை. நான் ஒண்டியா கீறேன்யா. ஒண்டியா துன்றது எனுக்கு எறங்கவே மாட்டேங்குது. வந்துருய்யா."

உஸ்ஸென்று உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது. நான் அன்றைக்கு ரிசீவரை வைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிகிற நேரம் ஹில்டா கூப்பிட்டாள். நான் விசிலை எடுத்தபோது, "அண்ணே, கூப்புடாதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்றாள். பூசணம் மூளைக்கு ஏறிவிட்டதாம். காலை ஏழரைக்கு உயிர் போய்விட்டதாம்.

"கடைசியில யாராவது பக்கத்துல இருந்தாங்களாம்மா?"

"நான் இருந்தேன். செபம் சொன்னேன்." அழுதுகொண்டிருந்தாள். "அண்ணே, மூணு நாளு முன்னாடி தெரிஞ்சிருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு. உறுதியா சொல்ல முடியாது, ஆனா பாத்திருக்கலாம்னு. இத அக்காட்டச் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன். சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

பெட்டி நான்காம் நாள் பிளேனில் வந்தது. செலவெல்லாம் கம்பெனியே செய்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காசிமேடு கல்லறையில் மழைத் தண்ணியை இறைத்துவிட்டுக் குழியில் இறக்கினார்கள். ஞானபாக்கியம் அக்கா கிறிஸ்டினாவைப் பிடித்துக்கொண்டே நின்றது. நான் அன்றோடு பொட்டலத்தை நிறுத்தலாம் என்று பார்த்தேன். இரண்டு நாளில் எழுந்திருக்க முடியாமல் போய், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் திட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் கிறிஸ்டினா பூத்துக்கு வந்தாள். ஷெட்டிலிருந்து வந்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"ஹில்டாவுக்குப் போடுண்ணா. அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்த சொல்லணும்."

போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. அவள் கேபின் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, அன்னிக்கி செவ்வாக்கெழம நீ லைன்ல இருந்தல்ல?"

"எந்தச் செவ்வாக்கெழம?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"இருந்தேன்."

"தெரியும். நீ எடுத்துகினு இருந்தன்னா சத்தம் கொறையும். எங்க எல்லாருக்கும் தெரியும். பொட்டலமும் உனுக்குத் தெரியும்."

"தெரியும் கிறிஸ்டி."

"நான் மாதா மேல கைய வச்சவ. நீ யாரு மேலயும் கைய வக்கல. நீ ஒரு வார்த்த சொல்லிடுவன்னு பாத்தேண்ணா. அதுக்குத்தான் அவ்ளோ நேரம் பேசாம நின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி நம்பரைப் போட்டேன். இந்தத் தடவை ரிங் போனது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். ஹில்டாவைக் கூப்பிடச் சொன்னேன். கிறிஸ்டினா கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தி ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ, நான் ஹில்டா பேசுதேன். அக்காவா?"

கிறிஸ்டினா பதில் சொல்லவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ரிசீவரை வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் வாய் அசைந்தது.